மாமாவுக்கு உடம்பு சரியில்லை

என்னுடைய இரண்டு காதுகளும் ஒரே நாளில் குத்தப்பட்டவை அல்ல. இடது காது குன்னூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், மேளச் சத்தத்துக்கும் வீடியோ விளக்குக்கும் நடுவில், ஊரே கூடி நின்று பார்க்கக் குத்தப்பட்டது. வலது காது எமரால்டு பஜாரில் ஒரு நகை ஆசாரியின் கடை வாசலில், ஒரு நாயும் சில கேரட் மூட்டைகளும் மட்டும் சாட்சியாக இருக்கக் குத்தப்பட்டது. இரண்டுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளி. அந்த இடைவெளிக்குக் காரணம் என் தாய்மாமாதான் என்று எங்கள் சொந்தக்காரர்கள் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நானும் வெகு காலம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்குக் குன்னூர் மார்க்கெட்டில் மளிகைக் கடை. சொந்த ஊர் அவிநாசிப் பக்கம். அங்கே அவருக்கு அக்காக்களும் பங்காளிகளும் நிறைய. அம்மாவுக்கோ பிறந்த வீடு என்று இருந்தது தம்பி ஒருவர்தான். சின்ன வயதிலேயே அப்பா அம்மா இல்லாமல் போனதால், தம்பியைப் படிக்க வைத்து ஆளாக்கியது அம்மாதான். ஆளாக்கினாள் என்பது சரி, ஆட்களோடு பழக வைக்க மட்டும் அவளால் முடியவில்லை.

மாமாவுக்கு அவலாஞ்சி அணையில் மின்வாரிய வேலை. அணையில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து, கீழே இருக்கும் ஆபீசுக்குப் போனில் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு அவர் வாயைத் திறந்து பேசும் பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான். சுற்றிலும் காடு, எதிரே தண்ணீர், எப்போதாவது வரும் காட்டெருமை. மற்றவர்கள் ஆறு மாதத்தில் மாறுதல் கேட்டு எழுதிப் போடும் அந்த இடத்தில், மாமா மாறுதல் வந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தார்.

காது குத்தும்போது பிள்ளையைத் தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். எனக்கு மூன்று வயதில் குத்த நாள் பார்த்தார்கள். மாமா, அணை நிரம்பி வழிகிறது, நகர முடியாது என்றார். ஐந்து வயதில் பார்த்தார்கள். அணை வறண்டு கிடக்கிறது, மேலதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள் என்றார். தண்ணீர் இருந்தாலும் வர முடியாது, இல்லாவிட்டாலும் வர முடியாது என்றால் எப்போதுதான் வருவாய் என்று அம்மா கேட்டதற்கு, பாதி இருக்கும்போது சொல்கிறேன் என்றாராம். அப்படியே எனக்கு ஏழு வயதாகிவிட்டது. என் வகுப்பில் எல்லோர் காதிலும் தோடு மினுக்க, நான் மட்டும் மூளிக் காதோடு இருந்தேன். கடைசியில் அம்மாவே அவலாஞ்சிக்குப் போய், "நீ யாருகிட்டயும் ஒண்ணும் பேச வேண்டாஞ் சாமி, சம்மணம் போட்டு உக்காந்தாப் போதும்" என்று கெஞ்சி, சம்மதம் வாங்கிக்கொண்டு வந்தாள்.

மே மாதத்தில் நாள் குறித்தார்கள். அதுதான் முதல் தப்பு. மே மாதத்தில் ஊட்டிப் பக்கம் விசேஷம் என்றால், வழக்கமாகச் சாக்குச் சொல்கிறவர்கள்கூட வந்துவிடுவார்கள். காது குத்தியதும் ஆயிற்று, பூங்காவைப் பார்த்ததும் ஆயிற்று. கீழே வெயில் கொளுத்துகிறது என்று பெரிய அத்தை தன் பிள்ளைகள், மருமகள், பேரன்கள் சகிதம் இரண்டு நாள் முன்னாலேயே வேனில் வந்து இறங்கினாள். பெரிய அத்தை அப்பாவுக்கு மூத்தவள். நல்லவள்தான். ஆனால் அவள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அந்த வீட்டில் இருப்பவர்கள்தான் விருந்தாளிகள் மாதிரி ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கும்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் எங்கே திரும்பினாலும் "அம்மிணி" என்று அம்மாவைக் கூப்பிடும் குரல்தான். எங்கள் வீட்டில் வெந்நீருக்கு விறகு போட்டு எரிக்கும் பாய்லர் ஒன்று. ஒரு நேரத்தில் மூன்று பேர் குளிக்கத்தான் அதில் தண்ணீர் சுடும். கீழ் நாட்டுக்காரர்கள் அத்தனை பேரும் குளிருக்குப் பயந்து காலையில் ஒரே நேரத்தில் துண்டோடு வரிசையில் நின்றார்கள். அம்மா விறகு வைத்துக்கொண்டே ஒருத்திக்குச் சர்க்கரை இல்லாத காப்பி, ஒருத்தருக்குப் பூண்டு போடாத ரசம், ஒரு குழந்தைக்குப் பால் என்று கொடுத்துக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்தில் கடன் வாங்கிய கம்பளிகளில் எது யாருடையது என்பதும் அவளுக்கு மட்டுமே தெரியும். இவ்வளவுக்கும் முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை. அம்மாவுக்கு விருந்தாளிகள் என்றால் கொள்ளை ஆசை போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

விசேஷத்தன்று மாமா சொன்னபடி வந்துவிட்டார். பட்டு வேட்டி, சட்டை, கழுத்தில் ஆள் உயர மாலை. மாமன் சீர்த் தட்டுகள் பின்னால் வர, மேளத்தோடு முன்னால் அவர் நடந்து வர வேண்டும். நடந்து வந்தார் என்று சொல்ல முடியாது. பின்னால் வந்த கூட்டம் தள்ளிக்கொண்டு வந்தது. மேடையில் என்னை மடியில் வாங்கிக்கொண்டபோது அவருடைய நெஞ்சு அடிப்பது என் முதுகில் தெரிந்தது. குத்தப் போவது என் காதிலா, இவர் காதிலா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

ஆசாரி என் இடது காதைக் குத்தினார். நான் வீறிட்டேன். யாரோ வாயில் சர்க்கரையைப் போட்டார்கள். அதுவரைக்கும் எல்லாம் முறையாகத்தான் நடந்தது. வலது காதுக்கு ஆசாரி திரும்பும்போது வீடியோக்காரர் கையைத் தூக்கி, "சித்தெ இருங்க, பேட்டரி மாத்திக்கறேன்" என்றார். மேளக்காரரும் மூச்சு வாங்க நிறுத்தினார். மண்டபம் திடீரென்று அமைதியாகிவிட்டது. மைக் பிடித்திருந்தவருக்கு அந்த அமைதி பொறுக்கவில்லை. இப்போது தாய்மாமா அவர்கள் பாப்பாவை வாழ்த்தி இரண்டு வார்த்தை பேசுவார் என்று அறிவித்து, மைக்கை மாமாவின் வாய்க்கு நேரே நீட்டிவிட்டார்.

மாமா மைக்கைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். கேட்பவர் யாராக இருந்தாலும் தனக்குச் சொல்லத் தெரிந்த ஒரே விஷயத்தைச் சொன்னார்.

"காலைல ஆறு மணிக்கு நூத்தி நாப்பது அடிங்க. வரத்து இல்லீங்க."

ஒரு நிமிஷம் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் மண்டபமே அதிரச் சிரித்தது. மேளக்காரர் ஒரு தட்டு தட்டினார். மாமா என்னைத் தூக்கி ஆசாரியின் மடியில் வைத்து, "சித்தெ புடிச்சுக்குங்க, வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கினார்.

அவர் வரவில்லை. பேட்டரி மாற்றியாயிற்று, மேளக்காரர் டீயும் குடித்தாயிற்று. கை கழுவுமிடம், சமையற்கட்டு, மண்டபத்தின் பின்பக்கம் என்று எல்லா இடத்திலும் தேடினார்கள். கடைசியில் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. ஆள் உயர மாலையோடு ஒருத்தர் ஊட்டி பஸ்ஸில் ஏறி, மாலையை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து போனாராம்.

மேடையில் பெரிய விவாதம் நடந்தது. வேறு யாராவது மடியில் வைத்து இன்னொரு காதையும் குத்திவிடலாம் என்றார் அப்பா. பெரிய அத்தை ஒரே போடாகப் போட்டாள்.

"ஒரு காது மாமன் மடி, இன்னொரு காது வேத்தாள் மடியா? நாளைக்கு நம்ம பக்கம் எவனாச்சும் மதிப்பானா? அம்மிணி, உன்ற தம்பியக் கூட்டியா. ரெண்டாவது காதுங் குத்திப் பாக்காம நான் மலையெறங்க மாட்டேன்."

எல்லோரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கென்று இருந்த ஒரே பிறந்த வீடு மாலையோடு பஸ் ஏறிப் போயிருந்தது. அம்மா அதற்கும் சிரித்தாள். சாப்பாடு ஆறுகிறது, முதலில் சாப்பிடுங்கள் என்று எல்லோரையும் பந்திக்கு அனுப்பினாள். இன்னொரு தோட்டைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். அன்று சாயங்காலம் பாய்லர் பக்கத்தில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தபோது நான் போய்ப் பார்த்தேன். பேச யாருமே இல்லை, அப்போதும் முகத்தில் அதே சிரிப்பு இருந்தது. இறக்கி வைக்க மறந்துவிட்டாள் போல என்று நினைத்துக்கொண்டு, பலகாரம் கேட்டேன்.

பெரிய அத்தை சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். மற்றவர்கள் போனார்கள், அவளும் அவள் பட்டாளமும் மட்டும் தங்கினார்கள். தினமும் பூங்கா, படகு, காட்சிமுனை என்று சுற்றிவிட்டுப் பசியோடு வந்தார்கள். என் வயதுப் பையன்கள் என்னை "ஒத்தக் காது" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. நாலைந்து நாள் பார்த்துவிட்டு ஒரு காலையில் அம்மா, தானே போய்த் தம்பியைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லி, காதுக்குச் சொந்தக்காரி என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். பெரிய அத்தை வாசல் வரை வந்து, விடாமல் பிடித்துக்கொண்டு வா என்று வழியனுப்பினாள்.

ஊட்டியில் பஸ் மாறி, எமரால்டைத் தாண்டி அவலாஞ்சியில் இறங்கினோம். மாமாவின் குவார்ட்டர்ஸ் ஒரு அறையும் அடுக்களையும்தான். ஜன்னல் திரை விலகி, யார் கூட வந்திருக்கிறார்கள் என்று பார்த்து, நாங்கள் இரண்டு பேர்தான் என்று தெரிந்த பிறகே கதவு திறந்தது. சுவரில் அந்த மாலை காய்ந்து தொங்கியது. இப்போது அம்மா இவரை வெளுத்து வாங்கப் போகிறாள் என்று நான் ஆசையோடு காத்திருந்தேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். "சித்தெ சாஞ்சுக்கறேன்டா" என்றாள். சாய்ந்தவள் மறுநாள் காலை வெயில் முகத்தில் விழும்வரை எழுந்திருக்கவில்லை.

மாமா அரிசியும் பருப்பும் சேர்த்து எனக்குச் சாதம் ஆக்கிக் கொடுத்தார். அவருக்கு ஒரு குறையும் இல்லை. விறகு பிளந்தார், தண்ணீர் பிடித்தார், அணைக்குப் போய் அடி பார்த்துவிட்டு வந்தார். அம்மா எழுந்ததும் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எமரால்டுல ஒரு ஆசாரி இருக்காருங்க்கா. கூட்டமே இருக்காது. இன்னைக்கே போய்ப் பாப்பாவுக்குக் குத்திட்டு வந்தர்லாமா?"

நான் துள்ளிக் குதித்து எழுந்து நின்றேன். அம்மா காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்தாள். "நீ மொதல்ல தேறு" என்றாள்.

மாமா தன் கையையும் காலையும் ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு, "செரிங்க்கா" என்றார்.

குவார்ட்டர்ஸுக்கு மேலே ஒரு பாறை இருந்தது. அந்தப் பாறையில் ஏறி நின்றால்தான் செல்போனுக்கு சிக்னல் கிடைக்கும். தினமும் சாயங்காலம் அம்மா அங்கே ஏறி அப்பாவோடு பேசுவாள். சில நாள் எங்களுக்கு முன்னாலேயே ஒரு காட்டெருமை வந்து பாறைப் பக்கம் நின்றிருக்கும். அது நகரும்வரை காத்திருந்துவிட்டு ஏறுவோம். முதல் நாள் அங்கே அம்மா பேசியதைக் கேட்டு நான் வாயைப் பிளந்தேன்.

"ஏனுங்க, தம்பிக்குச் சுத்தமா முடியலீங்க. படுத்த படுக்கை. ஒரு வாய் கஞ்சிகூட எறங்க மாட்டீங்குது. ரெண்டு நாள் பாத்துக்கிட்டுத்தானுங்க வர முடியும்."

கீழே மாமா எங்களுக்காகப் பக்கோடா சுட்டுக்கொண்டிருந்த வாசனை பாறைவரைக்கும் வந்தது.

ரெண்டு நாள் என்பது மேலும் ரெண்டு நாள் ஆயிற்று, அதற்கு மேலும் ஆயிற்று. அப்பா பஸ் கண்டக்டரிடம் நோயாளிக்கென்று பை கொடுத்துவிட்டார். ரொட்டி, சாத்துக்குடி, பெரிய அத்தை கைப்பட இடித்த கஷாயப் பொடி. சாத்துக்குடியை அம்மாதான் வெயிலில் உட்கார்ந்து ஒவ்வொரு சுளையாகச் சாப்பிட்டாள். ரொட்டியைப் பாலில் நனைத்து மாமா அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். கஷாயப் பொடி மட்டும் யாருக்கும் தேவைப்படவில்லை. நோயாளி சமைப்பதும், பார்த்துக்கொள்ள வந்தவள் தூங்குவதுமாக இருந்த அந்த ஏற்பாடு எனக்கு விளங்கவே இல்லை.

தூங்கி எழுந்தால் அம்மா அணைக்கரையில் போய் உட்காருவாள். மாமாவும் வேலை முடிந்து வந்து பக்கத்தில் உட்காருவார். இரண்டு பேரும் பேசவே மாட்டார்கள். எனக்கானால் சலிப்பு தாங்கவில்லை. வீட்டில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அம்மா, யார் என்ன சொன்னாலும் சிரித்த அம்மா, இங்கே நான் கூப்பிட்டாலும் "உம்" என்று மட்டும்தான் சொன்னாள். முகத்தில் அந்தச் சிரிப்பும் இல்லை. அம்மாவுக்கு மாமாவைப் பற்றிய கவலை, அதனால்தான் இப்படி ஆகிவிட்டாள் என்று முடிவு கட்டினேன். எனக்கு மாமா மேல் கோபம்கூட வந்தது.

ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருக்கும்போது அம்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "இப்ப எத்தன அடிடா?" என்று கேட்டாள்.

"நூத்தி முப்பத்தெட்டுங்க்கா."

"வரத்து?"

"இல்லீங்க்கா."

அவ்வளவுதான். அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, புல்லில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மாமாவும் முதலில் வெட்கப்பட்டு, பிறகு தானும் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணைத் துடைக்கத் துடைக்க அம்மாவுக்குத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. சிரிப்பு நின்ற பிறகும் அது கொஞ்ச நேரம் நிற்கவில்லை. மாமா எழுந்து போய்த் தன் கம்பளியைக் கொண்டுவந்து அவள் தோளில் போர்த்திவிட்டு மறுபடியும் உட்கார்ந்துகொண்டார்.

அன்று சாயங்காலம் பாறையில் இடி விழுந்தது. பெரிய அத்தை மாமாவைப் பார்க்க நேரில் வருகிறாளாம். நாளைக்குக் காலையில், வேனில், எல்லோரோடும். நோயாளியைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று, அணையைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று. தேறியிருந்தால் கையோடு வேனில் ஏற்றிக்கொண்டு போய் குன்னூரிலேயே மேளம் வைத்து மறுபடியும் ஒரு முறை விசேஷத்தை நடத்திவிடலாம் என்பது அவள் திட்டம்.

அம்மா பாறையை விட்டு இறங்கி வந்தபோது அவள் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு மறுபடியும் ஏறியிருந்தது. வந்ததும் வராததுமாக எத்தனை டம்ளர் இருக்கிறது, எவ்வளவு அரிசி இருக்கிறது, பன்னிரண்டு பேருக்குச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று அடுக்களையில் உருட்ட ஆரம்பித்தாள். கை தவறி ஒரு டம்ளர் கீழே விழுந்தது. மாமா வாசலில் நின்று அவளையே பார்த்தார். கூட்டம் என்றால் இவர் இந்நேரம் காட்டுக்குள் ஓடியிருக்க வேண்டும். நான் அவர் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஓடவில்லை. டம்ளரை எடுத்து வைத்துவிட்டு, "நான் படுத்துக்கறனுங்க்கா, நீங்க எதும் பண்ணாதீங்க" என்றார்.

மறுநாள் வேன் வந்தது. மாமா இருந்த கம்பளி எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டு கட்டிலில் கிடந்தார். பெரிய அத்தை முன்னால் வர, அப்பா, அத்தை பிள்ளைகள், மருமகள், பேரன்கள் என்று அந்தச் சின்ன அறைக்குள் எல்லோரும் நுழைந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். இடம் போதாமல் ஜன்னலுக்கு வெளியிலிருந்தும் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. மாமா கண்ணைத் திறந்து அத்தனை முகங்களையும் பார்த்தார். கட்டில் கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்தது. பல் அடித்துக்கொண்டது. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை.

பெரிய அத்தை அவர் கையைத் தொட்டுவிட்டுப் பதறிப்போனாள்.

"அய்யய்யோ, சில்லுன்னு கெடக்குதே! நான்கூட நெசமா பொய்யான்னு பாக்கலாம்னுதான் வந்தேன். ஏந்தம்பி, என்ன பண்ணுது சாமி?"

மாமா கம்பளியை வாய்வரை இழுத்துக்கொண்டார். வாயைத் திறந்தால் அடிக்கணக்குதான் வந்திருக்கும். பெரிய அத்தை உப்பு, மிளகாய் வாங்கிச் சுற்றிப் போட்டாள். மண்டபத்தில் அத்தனை கண்ணும் இந்தப் பையன் மேலேதான் என்று தன் மருமகளிடம் சொன்னாள். அம்மா டீ வைக்க அடுப்படிக்குத் திரும்பியதும் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இவன வெச்சுக்கிட்டு நீ எங்களுக்கு டீ வேற போடுவியா? ஒண்ணும் வேண்டாம். காது எங்க போயிருது? பையன் தேறுனதும் எங்கியாச்சும் குத்திக்குங்க. நாங்க அப்படியே எறங்கறோம்."

பத்தே நிமிஷத்தில் வேன் கிளம்பிவிட்டது. அணையைப் பார்க்கக்கூட நிற்கவில்லை. வேன் வளைவில் திரும்பி மறைந்த பிறகு அம்மா வாசற்படியில் உட்கார்ந்தாள். கட்டிலின் ஆட்டம் மெல்ல மெல்ல நின்றது. நான் மாமாவின் காதருகே போய், நிஜமாகவே நடுங்கினீர்களா, நடிப்பா என்று கேட்டேன்.

"ஆளுகளப் பாத்தா எனக்கு அது தானா வரும் பாப்பா. அதுக்கு மெனக்கெட வேண்டியதே இல்ல" என்றார் மாமா.

அடுத்த நாள் அம்மா விடியும்போதே எழுந்து, தலைக்குக் குளித்து, வெயிலில் முடியை உலர்த்திக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். பாறையில் ஏறி, "தம்பிக்குத் தேவலைங்க, திடீர்னு எந்திரிச்சு உக்காந்துட்டான்" என்று அப்பாவுக்குச் சொன்னாள். எமரால்டு பஜாரில் ஆசாரி கடை வாசலில் மாமா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து என்னை மடியில் வைத்துக்கொண்டார். அவர் நெஞ்சு அமைதியாக அடித்தது. அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தோட்டை எடுத்துக் கொடுத்தாள். நான் அழுததற்குப் பேக்கரியில் வர்க்கி வாங்கிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் திரும்பும்போது அம்மா கன்னம் சிவந்து பளிச்சென்று இருந்தாள். படுத்துக் கிடந்தது மாமா, தேறி வந்தது போல இருப்பது அம்மாவா என்று ஒரு நிமிஷம் எனக்குத் தோன்றியது. ஆனால் கையில் வர்க்கி இருந்ததால் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அதற்கு மேல் யோசிக்க எனக்கு இருபது வருஷம் ஆயிற்று. போன மாதம் கோயம்புத்தூரில் எங்கள் புது வீட்டுப் புண்ணியார்ச்சனை. என் வீட்டுக்காரர் பக்கத்துச் சொந்தம், ஒறம்பரை எல்லாம் வந்திருந்தார்கள். மூன்று நாள் நான் சிரித்தேன். எல்லோருக்கும் காப்பி கொடுத்தேன், எந்த அறையில் எத்தனை ஓடு பதித்தோம் என்று நூறு முறை சொன்னேன். நாலாம் நாள் காலையில் இன்னும் இரண்டு குடும்பம் மீதி இருந்தது. பல் தேய்க்கக் கண்ணாடி முன்னால் நின்றேன். யாருமே இல்லாத அந்தக் குளியலறையில் என் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. பாய்லர் பக்கத்தில் பார்த்த அதே சிரிப்பு. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு, இன்னும் அவலாஞ்சியிலேயே இருக்கும் மாமாவுக்குப் போன் போட்டேன்.

நல்லவேளையாக மாமா பாறையில்தான் இருந்தார். "மாமா, நான் பேசறேன்" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் காற்று வீசும் சத்தம் கேட்டது. பிறகு மாமா கேட்டார்.

"செரி பாப்பா, எத்தன நாளைக்கு எனக்கு ஒடம்பு செரியில்ல?"